‘நான் கதவுகிட்ட நின்னேன், அவ்வளவுதான்’ என்கிறான் மகன்

கேள்வி: என் மகன் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். ஹாஸ்டல். போன வாரம் ஒரு ராத்திரி, முதலாமாண்டுப் பையன் ஒருவனை ‘இன்ட்ரோ கொடு’ என்று தங்கள் அறைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். இவர்கள் ஏழு பேர். பாடச் சொல்லி, ஆடச் சொல்லி, கடைசியில் சட்டையைக் கழற்றச் சொல்லி நிற்க வைத்திருக்கிறார்கள். ஒருவன் வீடியோவும் எடுத்திருக்கிறான். அந்தப் பையன் விடிந்ததும் பஸ் ஏறி ஊருக்குப் போய்விட்டான். அவன் அப்பா புகார் கொடுத்ததில் ஏழு பேரும் சஸ்பெண்ட். “நான் அவனைத் தொடவே இல்லம்மா. வார்டன் வர்றாரான்னு பாருன்னு சொன்னாங்க, கதவுகிட்ட நின்னேன். எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன், அவ்வளவுதான். போன வருஷம் எனக்கும் இதைத்தான் செஞ்சாங்க” என்கிறான். தெருநாய்க்கு அடிபட்டால்கூட சாப்பிடாமல் இருக்கிற பையன். சேர்க்கை சரியில்லாமல் போய்விட்டது. எங்கள் வளர்ப்பில் எங்கே தப்பு நடந்தது? என் கணவரும் அவருடைய அண்ணன்மாரும், அந்தப் பையன் வீட்டுக்கே போய்ப் பேசி புகாரை வாபஸ் வாங்க வைக்கலாம் என்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆனால் எல்லாரும் ஒரே முடிவாக இருக்கும்போது நான் மட்டும் என்ன சொல்வது என்று பேசாமல் இருந்துவிட்டேன். வரும் வியாழக்கிழமை விசாரணை. காலேஜை மாற்றிவிடலாமா?
– ஒரு தாய், நாமக்கல் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த அறையில் ஏழு பையன்கள் இருந்திருக்கிறார்கள். ஏழு வீட்டிலும் இப்போது ஏழு அம்மாக்கள் தூங்காமல் இருப்பார்கள். நான் பந்தயமே கட்டுவேன், ஏழு பேரும் சொல்வது ஒன்றாகத்தான் இருக்கும்: “என் பையன் நல்லவன், சேர்க்கை சரியில்லை.” மற்ற ஆறு அம்மாக்களின் கணக்கில் அந்தச் சேர்க்கை யார்? உங்கள் மகனும்தான். கேட்கக் கஷ்டமாக இருக்கும். ஆனால் இதைப் பிடித்துக்கொண்டால்தான் உங்கள் மற்ற கேள்விகளுக்கும் பதில் கிடைக்கும். கூட்டம் என்று தனியாக ஒன்று வெளியில் இருந்து வந்து அவனைக் கெடுக்கவில்லை. ஏழு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே அதை உண்டாக்கினார்கள்.

முதலில் வளர்ப்பு. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் உங்கள் மகனுக்கு இரக்க குணம் இருக்கிறது. அது அன்று ராத்திரி எங்கே போனது என்பதுதான் உங்கள் குழப்பம். எங்கேயும் போகவில்லை. அது உள்ளேயே இருக்க, அவன் முகம் மட்டும் சிரித்துக்கொண்டு நின்றது. இது எப்படி நடக்கிறது என்று எழுபது வருடங்களுக்கு மேலாக உளவியலில் ஆராய்ந்து வருகிறார்கள்.

1950-களில் அமெரிக்காவில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார். ஒரு அட்டையில் ஒரு கோடு. இன்னொரு அட்டையில் மூன்று கோடுகள். முதல் கோட்டின் நீளத்துக்குச் சமமான கோடு எது என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். தனியாக உட்கார்ந்து செய்தால் நூற்றுக்கு ஒன்றுகூடத் தப்பாகாது. ஆனால் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் ஒரே ஒருவர்தான் உண்மையான பங்கேற்பாளர். மற்றவர்கள் ஆஷ் ஏற்பாடு செய்த ஆட்கள். அவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி, கூசாமல் தப்பான பதிலைச் சொல்வார்கள். அப்புறம்தான் இவர் முறை வரும். பங்கேற்றவர்களில் நாலில் மூன்று பேர் குறைந்தது ஒரு தடவையாவது கண்ணெதிரே தெரிந்ததை விட்டுவிட்டுக் கூட்டத்தின் பதிலைச் சொன்னார்கள். மொத்தப் பதில்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அப்படித் தப்பாகப் போனது. அங்கே யாரும் யாரையும் மிரட்டவில்லை. முன்பின் தெரியாத ஆட்கள், நாளைக்குப் பார்க்கப் போவதில்லை, வெறும் கோடு. அதற்கே இப்படி என்றால், நாலு வருடம் ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டு, ஒரே பைக்கில் ஊர் சுற்றி, பரீட்சைக்கு முதல் நாள் ஒரே நோட்டை ஜெராக்ஸ் எடுக்க வேண்டிய நண்பர்கள் முன்னால் ஒரு பத்தொன்பது வயசுப் பையன் வாயைத் திறப்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. அந்த ஏழு பேரில் எத்தனை பேருக்கு உள்ளுக்குள் ‘போதும், பையன் அழுதுடுவான் போல’ என்று தோன்றியிருக்கும்? என் அனுபவத்தில், பாதிப் பேருக்காவது தோன்றியிருக்கும். ஆனால் அவன் அவன் மனசு அவனுக்குத்தான் தெரியும். பக்கத்தில் இருப்பவனின் முகம்தான் கண்ணுக்குத் தெரியும். பக்கத்தில் இருப்பவன் சிரிக்கிறான். சரி, எல்லாரும் இதை ரசிக்கிறார்கள், எனக்கு மட்டும்தான் ஒரு மாதிரி இருக்கிறது, காட்டிக்கொண்டால் ‘பெரிய உத்தமன் வந்துட்டான்’ என்பார்கள் என்று இவனும் சிரிக்கிறான். இவன் சிரிப்பைப் பார்த்து அடுத்தவன் அதே முடிவுக்கு வருகிறான். யாருக்கும் முழுசாகப் பிடிக்காத ஒன்று, எல்லாருக்கும் பிடித்த மாதிரி ஒரு மணி நேரம் ஓடும். உங்கள் மகன் ‘நானும் சிரிச்சேன், அவ்வளவுதான்’ என்கிறானே, அந்தச் சிரிப்புதான் மற்ற ஆறு பேருக்கும் கிடைத்த அனுமதி. அதைவிட முக்கியம், சட்டையில்லாமல் நின்ற அந்தப் பையன் திரும்பிப் பார்த்தபோது அவன் கண்ணில் பட்டதும் அதுதான்.

இப்போது அந்தக் கதவுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்ட இடம் அதுதான்.

1961-62-இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் நடத்திய சோதனைகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கலாம். பக்கத்து அறையில் இருப்பவர் தப்பாகப் பதில் சொன்னால் அவருக்கு மின் அதிர்ச்சி கொடுக்கச் சொல்வார்கள். உண்மையில் மின்சாரம் எதுவும் பாயாது, ஆனால் பொத்தானை அழுத்துபவருக்கு அது தெரியாது. 15 வோல்ட்டில் ஆரம்பித்து, பதினைந்து பதினைந்தாக ஏற்றி, 450 வரை போகும். முதலில் வெளியான சோதனையில் 40 பேரில் 26 பேர் கடைசி வரை போனார்கள். இதை எல்லாரும் சொல்வார்கள். அதிகம் பேர் சொல்லாத ஒன்று, பிறகு அவர் செய்த ஒரு மாறுதல். அதில் பங்கேற்பாளர் அதிர்ச்சி கொடுக்க வேண்டியதில்லை. அதை இன்னொருவர் செய்வார். இவருக்கு அதே வேலையில் ஒரு சில்லறைப் பங்கு மட்டும். அப்போது 40 பேரில் 37 பேர் கடைசி வரை உட்கார்ந்திருந்தார்கள்.

கதவுகிட்ட நிற்பது அந்தச் சில்லறைப் பங்கு. ‘நான் தொடலை’ என்று சொல்லிக்கொள்ள இடம் கொடுக்கிற வேலை. ஆனால் கதவில் ஆள் இல்லையென்றால் வார்டன் வந்துவிடுவாரோ என்ற பயம் உள்ளே இருந்தவர்களுக்கு இருந்திருக்கும். சட்டை வரைக்கும் போயிருக்குமா என்பது சந்தேகம்தான். உங்கள் மகனிடம் இதைத் திட்டாமல், குரலை உயர்த்தாமல், ஒரு தடவை சொல்லுங்கள். அவன் தப்பித்துக்கொள்ளப் பொய் சொல்கிறான் என்று நான் நினைக்கவில்லை. அவன் அதை மனப்பூர்வமாக நம்புகிறான். அதனால்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

பதினைந்து பதினைந்தாக ஏறுகிற கணக்கையும் கவனியுங்கள். எடுத்த எடுப்பில் யாரும் ‘சட்டையைக் கழற்று’ என்பதில்லை. பேர் என்ன, ஊர் என்ன, கட் ஆஃப் எவ்வளவு, மேல் பட்டனைப் போடு, தலையைக் குனி, ஒரு பாட்டுப் பாடு, ஆடிக்கொண்டே பாடு. ஒவ்வொன்றும் முந்தினதைவிடக் கொஞ்சம்தான் கூட. பாட்டுக்குச் சும்மா இருந்தவன் ஆட்டத்துக்கு எதை வைத்து ‘நிறுத்து’ என்பான்? அதற்கு முன்னால் தான் இருந்த இருப்பையும் சேர்த்துத் தப்பு என்று ஒத்துக்கொள்ள வேண்டுமே.

‘போன வருஷம் எனக்கும் செஞ்சாங்க’ என்பதும் உண்மையாக இருக்கும். பட்டவன்தான் அடுத்தவனுக்கு இரக்கப்பட வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். பல சமயம் நேர்மாறாகத்தான் நடக்கிறது. 1959-இல் எலியட் ஆரன்சன், ஜட்சன் மில்ஸ் என்ற இருவர் காட்டியது இது: ஒரு குழுவில் சேர்வதற்கு அதிகம் கூசிப்போக வேண்டியிருந்தவர்கள்தான், சலிப்பூட்டுகிற அந்தக் குழுவைப் பிறகு ‘அருமையான குழு’ என்று மதிப்பிட்டார்கள். பட்ட அவமானம் வீண் என்று ஒத்துக்கொள்வதைவிட, அதற்கு ஒரு அர்த்தம் இருந்தது என்று நம்புவது மனசுக்குச் சுலபம். ‘அதனாலதான் சீனியர்ஸ் க்ளோஸ் ஆனாங்க, தைரியம் வந்துச்சு’ என்று பையன்கள் சொல்வார்கள். உங்கள் மகன் முதலாமாண்டு படித்தபோது ராத்திரி போன் செய்து ‘வீட்டுக்கு வந்துடறேன்’ என்று சொன்னானா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். சொல்லியிருந்தால், வீட்டில் பெரும்பாலும் ‘கொஞ்ச நாள் பொறுத்துக்கோ, சரியாயிடும்’ என்றுதான் சொல்லியிருப்பார்கள். உங்களைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. போன வருடம் அவனுக்கு நடந்ததை யாரும் உட்கார்ந்து கேட்டதில்லை என்றால் இப்போது கேளுங்கள். அது அவன் செய்ததற்குச் சாக்கு ஆகாது, ஆனாலும் கேட்க வேண்டிய விஷயம்.

சொந்தத்தில் படித்தவர் யாராவது ஒருவர், ‘ஸ்டான்ஃபோர்டில் ஒரு சிறைச் சோதனை நடந்தது, யாரைக் கொண்டுபோய் வைத்தாலும் அப்படித்தான் ஆவார்கள், பையன் மேல் தப்பில்லை’ என்று ஆறுதல் சொல்லக்கூடும். மாணவர்களைக் கைதிகளாகவும் காவலர்களாகவும் பிரித்து நடிக்க வைத்து, 1971-இல் நடந்து ஆறு நாளில் நிறுத்தப்பட்ட சோதனை அது. பிற்காலத்தில் அதன் ஆவணங்களைத் தோண்டியபோது, காவலர்களாக நடித்த மாணவர்களுக்குக் கடுமையாக இருக்கும்படி முன்கூட்டியே சொல்லிக்கொடுத்திருந்தது தெரிய வந்தது. அங்கேயும் எல்லாக் காவலர்களும் கொடுமை செய்யவில்லை. ஆகவே அந்த ஆறுதலை வாங்கிக்கொள்ளாதீர்கள். சூழ்நிலை ஒருவனைத் தள்ளும். எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று தெரிந்தால் காலை ஊன்றிக்கொள்ளவும் முடியும்.

சட்டமும் ‘சும்மா நின்னேன்’ என்பதை ஏற்றுக்கொள்வதில்லை. 1996 நவம்பரில் சிதம்பரத்தில் முதலாமாண்டு மருத்துவ மாணவர் நாவரசு சீனியர் ஒருவரால் கொலை செய்யப்பட்டது உங்கள் வயதுக்காரர்களுக்கு மறந்திருக்காது. அதைத் தொடர்ந்துதான் தமிழ்நாட்டில் 1997-இல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. செய்பவர், பங்கு கொள்பவர், உடந்தையாக இருப்பவர் எல்லாரும் அதில் அடக்கம். இரண்டு ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். குற்றம் உறுதியானவரைக் கல்லூரியிலிருந்து நீக்க வேண்டும், வேறு எந்தக் கல்லூரியிலும் சேர்க்கக் கூடாது என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. 2009-இல் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) கொண்டுவந்த விதிமுறைகளின்படி ஒவ்வொரு வருடமும் மாணவரும் பெற்றோரும் உறுதிமொழிப் பத்திரம் கொடுக்கிறார்கள். அட்மிஷன் சமயத்தில் நீட்டிய பத்துக் காகிதங்களில் அதுவும் ஒன்றாக இருந்திருக்கும், நீங்களும் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள்.

அதனால் காலேஜ் மாற்றும் யோசனையை இப்போதைக்கு மூட்டை கட்டி வையுங்கள். விசாரணை முடியாமல் டிசி வாங்கிக்கொண்டு ஓடுவது சட்டப்படியும் சிக்கல், அவனுக்கும் நல்லதில்லை. அடுத்த காலேஜிலும் ஹாஸ்டல் இருக்கும், அறை இருக்கும், கதவு இருக்கும்.

இனி உங்கள் வீட்டுக்கு வருகிறேன். கணவர், அவருடைய அண்ணன்மார் எல்லாரும் ஒரே முடிவு. உங்களுக்கு மட்டும் சரியாகப் படவில்லை. வாயைத் திறக்கவில்லை. ‘நான் மட்டும் என்ன சொல்வது’ என்று இருந்துவிட்டீர்கள். இதை மறுபடி படித்துப் பாருங்கள். உங்கள் மகனுக்கு அது எப்படி நடந்தது என்று நான் இத்தனை நேரம் சொன்னதைவிட இது உங்களுக்கு நன்றாகப் புரியவைக்கும். நீங்களும் கெட்டவர் இல்லை, கோழையும் இல்லை. பெரியவர்கள் நாலு பேர் உட்கார்ந்து ஒரே குரலில் பேசும்போது எதிர்த்துச் சொல்வது நம் வீடுகளில் அவ்வளவு சுலபம் கிடையாது.

ஆனால் நீங்கள் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் அந்தத் திட்டம் தப்பு. பாதிக்கப்பட்ட பையன் வீட்டு வாசலில் பெரிய மனிதர்கள் நாலைந்து பேர் காரில் போய் இறங்கினால், நீங்கள் பழத்தட்டோடு போனாலும் அது மிரட்டலாகத்தான் தெரியும். ஒரு ராத்திரி ஏழு பேர் சூழ்ந்து நின்றதை அனுபவித்த பையன், தன் வீட்டுத் திண்ணையிலேயே இன்னொரு கூட்டத்தைப் பார்க்க வேண்டுமா? போதாததற்கு, சாட்சியைக் கலைக்கப் பார்த்தார்கள் என்று உங்கள் மகன் மேலேயே இன்னொரு பழி வரும். அந்த அப்பா வாபஸ் வாங்கிவிட்டாலும் விஷயம் முடிந்துவிடாது. குற்றச் சட்டத்தின் கீழ் வருகிற செயல் என்று தெரிந்தால் 24 மணி நேரத்துக்குள் எஃப்ஐஆர் பதிய நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று யுஜிசி விதி கல்லூரித் தலைவருக்குப் பொறுப்புக் கொடுத்திருக்கிறது.

ஆஷ் சோதனையின் இரண்டாவது பாதியை இங்கே சொல்ல வேண்டும். மேசையில் இன்னொரே ஒருவர் சரியான பதிலைச் சொன்னால் போதும், கூட்டத்தோடு போகிற பதில்கள் கால்வாசியாகக் குறைந்துவிட்டன. அந்த ஒருவர் சொன்னது வேறொரு தப்பான பதிலாக இருந்தபோதும் அழுத்தம் கணிசமாகக் குறைந்தது. எல்லாரும் ஒன்று என்பது உடைய வேண்டும், அதுதான் விஷயம். மில்கிராம் சோதனையிலும், கூட இருந்த இருவர் ‘நாங்கள் செய்ய மாட்டோம்’ என்று எழுந்தபோது 40 பேரில் 4 பேர்தான் கடைசி வரை போனார்கள்.

ஆகவே எல்லாரும் கூடியிருக்கும்போது சண்டைக்கு நிற்காதீர்கள். முதலில் கணவரிடம் தனியாகப் பேசுங்கள். அவருக்கும் உள்ளுக்குள் உறுத்தல் இருந்து, அண்ணன்மார் முன்னால் காட்டிக்கொள்ளாமல் இருக்கலாம். இல்லையென்றால் மைத்துனர்களில் யார் கொஞ்சம் நிதானமானவரோ அவரிடம். “அந்தப் பையன் நம்ம பையனா இருந்து, அவங்க நாலு பேர் நம்ம வீட்டுக்கு வந்தா நாம எப்படி எடுத்துக்குவோம்?” என்று கேட்டாலே போதும். ஒருவர் உங்கள் பக்கம் வந்துவிட்டால் மற்றதைச் சமாளித்துவிடலாம்.

வியாழக்கிழமைக்கு முன் மகன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. ஏழு பேருக்கும் இந்நேரம் ஒரு வாட்ஸ்அப் குரூப் ஓடிக்கொண்டிருக்கும். ‘எல்லாரும் ஒரே மாதிரி சொல்லிடலாம்டா’ என்று அதில் பேச்சு நடந்துகொண்டிருக்கும். அதற்குத் தலையாட்டுவதற்கு முன்னால் அவன் தனியாக உட்கார்ந்து, போனை இன்னொரு அறையில் வைத்துவிட்டு, அன்று நடந்ததைத் தன் கையால் எழுதட்டும். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, யார் என்ன சொன்னார்கள், தான் எங்கே நின்றான், எதற்கு நின்றான், எப்போது சிரித்தான். ஆஷும் இதைப் பார்த்திருக்கிறார்: பதிலை உரக்கச் சொல்லாமல் தனியாக எழுதலாம் என்றபோது கூட்டத்தோடு போவது வெகுவாகக் குறைந்தது. ‘கதவுகிட்ட நின்னேன்’ என்பதோடு ‘அது உதவி செய்வதுதான், எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும்’ என்பதையும் அவனாகவே எழுதினால் நல்லது. நீங்கள் சொல்லிக்கொடுத்து எழுத வைத்தால் கமிட்டியில் உட்கார்ந்திருப்பவர்கள் முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். போலீஸ் வழக்கும் பதிவாகியிருந்தால், எழுதியதை ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டுக் கொடுங்கள்.

‘நண்பர்களைக் காட்டிக்கொடுக்கச் சொல்றீங்களா?’ என்று கேட்பான். இன்னொருவன் செய்ததைப் பெரிதாக்கி தன் பங்கைச் சின்னதாக்கினால் அது காட்டிக்கொடுப்பது. தன் பங்கில் ஆரம்பித்து நடந்ததை நடந்தபடி சொன்னால் அது வாக்குமூலம். வீடியோ தன்னிடம் வந்திருந்தால் யாருக்கும் அனுப்பக் கூடாது, அழிக்கவும் கூடாது. கமிட்டியிடம் சொல்லிவிட வேண்டும். அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றினால் நல்லது. ஆனால் நேரில் போகவோ போன் செய்யவோ கூடாது. கடிதமாக எழுதி, அந்தப் பையன் விரும்பினால் மட்டும் சேர்க்கும்படி கமிட்டியிடம் கொடுக்கட்டும். அதில் புகாரைப் பற்றி ஒரு வார்த்தை இருக்கக் கூடாது.

தண்டனை வரும், வரட்டும். ஹாஸ்டலை விட்டு நீக்கலாம், ஒன்றிரண்டு செமஸ்டர் போகலாம். தண்டனை அளவுக்கு மீறியது என்று தோன்றினால் மேல்முறையீடு செய்ய விதியில் இடமிருக்கிறது. அது வேறு, சிபாரிசு பிடிப்பது வேறு.

அடுத்த தடவைக்கு என்ன செய்வது என்பதையும் அவனோடு பேசிவையுங்கள். ஆறு பேர் முன்னால் நின்று நியாயம் பேச வேண்டியதில்லை. “டேய் போதும்டா, காலைல லேப் இருக்கு, அனுப்புங்க” என்றால் போதும். “வார்டன் ரவுண்ட்ஸ் வர்றார்” என்று ஒரு பொய் சொன்னாலும் பரவாயில்லை, கதவுகிட்ட நிற்பவன் சொன்னால் நம்பத்தான் செய்வார்கள். எதுவும் வாயில் வரவில்லையா, எழுந்து வெளியே போய்விடலாம். ஒரு சிரிப்புக் குறைந்தாலே மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். இந்த வாக்கியத்தை வீட்டில் ரெண்டு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். கூச்சமாக இருக்கும், சிரிப்பான். இருந்தாலும் சொல்லட்டும். நேரத்துக்கு வாயில் வருவது முன்னாலேயே சொல்லிப் பழகினதுதான். வெளியே வந்து போன் செய்ய நினைத்தால் 1800-180-5522, ராகிங் தடுப்பு உதவி எண், 24 மணி நேரமும் உண்டு.

விசாரணை முடிகிற வரை அவனைத் தனியாக விடாதீர்கள். தூக்கம், சாப்பாடு எப்படி என்று பாருங்கள். ‘நான் இருந்து என்ன பிரயோஜனம்’ என்ற மாதிரி பேச்சு வந்தால் அதட்டி அடக்காமல் உடனே டெலி மனஸ் என்ற மனநல உதவி எண் 14416-க்கோ, சுகாதார உதவி எண் 104-க்கோ கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசலாம். வியாழக்கிழமை நீங்கள் கூடப் போங்கள், மைத்துனர்கள் படை வேண்டாம். எழுதிக்கொடுத்ததில் ஒரு நகல் எடுத்துத் தேதியோடு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.